தேள் கொட்டிய வீட்டில் யார் என்ன செய்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

நிசிம் எசெகியேல் ஆங்கிலத்தில் எழுதிய ‘நைட் ஆஃப் தி ஸ்கார்ப்பியன்’ கவிதை பற்றிய கேள்விகள் இந்த முறை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: பத்து மணி நேரம் விடாத மழை. அரிசி மூட்டைக்கு அடியில் ஒதுங்கிய தேள், அம்மாவின் கால்விரலில் கொட்டிவிட்டு மறுபடி மழைக்குள் போய்விடுகிறது. ஊரார் மெழுகுவத்தியும் லாந்தருமாக வந்து தேடுகிறார்கள், தேள் கிடைக்கவில்லை. சுற்றி உட்கார்ந்து, முன்பிறவிப் பாவம் இன்றோடு எரிந்து போகட்டும் என்கிறார்கள். அப்பா தூள், கலவை, பச்சிலை என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுக் கடிவாயில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைக்கிறார். சாமியார் ஒருவர் மந்திரிக்கிறார். இருபது மணி நேரம் கழித்து வேதனை அடங்குகிறது. பிள்ளைகளை விட்டுத் தன்னைக் கொட்டியதே என்று அம்மா கடவுளுக்கு நன்றி சொல்கிறாள். கவிதை முடிந்தது. 1965இல் வந்த ‘தி எக்ஸாக்ட் நேம்’ தொகுப்பில் இருக்கிறது.

“கிராமத்து மூடநம்பிக்கையைக் கவிஞர் சாடுகிறார், தாயின் தியாகத்தைப் போற்றுகிறார்” என்று என் மாணவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். மதிப்பெண் போடலாமா?
– ஆங்கில ஆசிரியை, திண்டுக்கல்

பாதி மதிப்பெண் போடுங்கள். இரண்டாவது பாதி சரி. முதல் பாதி கவிதையில் இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறது.

வகுப்பில் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். தாளை நான்காக மடித்து ஊரார், அப்பா, சாமியார், அம்மா என்று தலைப்பிட்டு, ஒவ்வொருவரும் செய்யும் வினைச்சொற்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெயரடை, உவமை எதுவும் வேண்டாம். பதினைந்து நிமிஷம் போதும். ஊரார் கட்டத்தில் வருகிறார்கள், தேடுகிறார்கள், நாக்கைச் சப்புக்கொட்டுகிறார்கள், சொல்கிறார்கள், உட்காருகிறார்கள் என்று சேரும். அவர்களில் ஒருவர்கூட அம்மாவைத் தொடுவதில்லை. சாமியார் கட்டத்தில் சடங்கு மட்டும். அப்பா கட்டத்தில்தான் ஊற்றுகிறார், பற்றவைக்கிறார் என்று வரும். அந்த வீட்டில் அம்மாவின் உடம்புக்குக் காயம் உண்டாக்கியது இரண்டே பேர்: ஒன்று தேள், இன்னொன்று எதையும் நம்பாத அப்பா. இதைக் கண்டுகொள்ளாமல் ‘மூட ஊரார், அறிவுள்ள அப்பா’ என்று பிரித்து எழுதும் மாணவர், கவிதையை விட்டுவிட்டு நோட்ஸைப் படித்திருக்கிறார்.

ஊராரைக் கவிஞர் கிண்டலே செய்யவில்லையா என்றால், செய்கிறார். ஈக்கூட்டம் போல வந்தார்கள் என்கிறார். கடவுள் பெயரை நூறு முறை ரீங்கரித்தார்கள் என்கிறார். ஆனால் அடுத்த முறை அவர்கள் வரும்போது சொல் மாறிவிடுகிறது. முதலில் குடியானவர்கள், பிறகு அக்கம்பக்கத்தார். மழையில் நனைந்து வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களை அதற்கு மேலும் ஈ என்று சொல்ல மனம் வரவில்லை போலும். அவர்கள் முகத்தில் ‘புரிந்துகொண்ட அமைதி’ தெரிந்தது என்ற இடத்தில் குத்தல் இருக்கிறது. அமைதி சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு. நடுவில் பாயில் கிடப்பவள் புரண்டு துடிக்கிறாள்.

இன்னொரு இடமும் கவனிக்க வேண்டியது. விஷம் உன் உடம்பின் ஆசையைச் சுத்தம் செய்யட்டும் என்று ஊரார் வேண்டுகிறார்கள். இருபது மணி நேரம் கழித்து அவள் வாய் திறக்கும்போது, மிச்சம் இருப்பது ஓர் ஆசைதான்: பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும். முன்பிறவி, அடுத்த பிறவி, பாவக் கணக்கு எதையும் அவள் பேச்சில் எடுப்பதில்லை. ஊரார் கொடுத்த விளக்கத்தை அவள் மறுக்கவும் இல்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. இதை யாராவது எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

இது கவிஞரின் சொந்த அம்மாவுக்கு நடந்ததா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

கவிதையின் ‘நான்’ வேறு, கவிஞர் வேறு என்று வைத்துப் படிப்பதே நல்லது. எசெகியேல் 1924இல் மும்பையில் பெனே இஸ்ரேல் என்ற யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா தாவரவியல் பேராசிரியர். அம்மா பள்ளி நடத்தியவர். மண்சுவரும் அரிசி மூட்டையும் பாயும் உள்ள வீடு கவிதை கட்டிய வீடு. ஆனால் யூதப் பின்னணி வேறோர் இடத்தில் எட்டிப் பார்க்கிறது. கர்மம், மறுபிறவி, மாயை எல்லாம் ஊரார் வாயில் வருகின்றன. தேளின் வாலுக்குச் சாத்தானின் அடைமொழி கொடுப்பதும், தேளைத் ‘தீயவன்’ என்று பெரிய எழுத்தில் குறிப்பதும் கதைசொல்லியின் சொற்கள். அவை விவிலிய மரபின் வாடை அடிப்பவை. இரண்டு நம்பிக்கை உலகங்கள் ஒரே அறையில் இருக்கின்றன.

இந்தக் கவிதையைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். எங்கெல்லாம் இடறும்? பத்திரிகைக்கு அனுப்பலாமா?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். எசெகியேல் 2004 ஜனவரியில் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு உரிமை நீடிக்கும். ஆக 2064 முடியும்வரை அனுமதி இல்லாமல் மொழிபெயர்ப்பை அச்சிடக்கூடாது. மொத்தக் கவிதைகளை வெளியிட்டது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம். அங்கே எழுதிக் கேட்கலாம். உங்கள் நோட்டில் மொழிபெயர்த்துப் பழகுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

இனி இடறும் இடங்கள்.

தலைப்பு. ‘தேள் கொட்டிய இரவு’ என்றால் காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் அது முதல் வரியின் செய்தி. தலைப்பு அந்த இரவையே தேளுக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறது. ‘தேளின் இரவு’ என்றே விடுங்கள்.

ஆங்கில மூலத்தில் முதலில் கொட்டியது என்று வரும்; தீ வைக்கும் இடத்தில் ‘கடித்த’ கால்விரல் என்று வரும். ஆங்கிலேயர் காதுக்கு இது உறுத்தலாம். நமக்குச் சிக்கலே இல்லை: தேள் கொட்டும், பெயர் மட்டும் தேள்கடி. அப்படியே எழுதுங்கள்.

தேளுக்கு மூலத்தில் ‘அவன்’. தமிழில் தேள் அஃறிணை. ஆரம்பம் முதல் ‘அவன்’ போட்டால் வாசகர் யாரோ ஆள் ஒளிந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார். ‘அது’ என்று தொடங்கி, கதைசொல்லி ‘தீயவன்’ என்று சொல்லும் இடத்திலிருந்து ‘அவன்’ ஆக்கினால், பயம் எப்படி ஒரு பூச்சியை ஆளாக மாற்றுகிறது என்பதும் கூடவே வந்துவிடும். ‘அவன் அசையாமல் இருக்கட்டும்’ என்ற வேண்டுதலும் அப்போது தைக்கும்.

வேண்டுதல்கள் இருக்கும் பகுதிதான் கவிதையின் முதுகெலும்பு. ஆங்கிலத்தில் ‘மே’ என்ற சொல் வாக்கியத் தொடக்கத்தில் ஐந்து முறை அடிக்கிறது. ‘என்றார்கள்’ என்ற தொடர் ஐந்து முறை வாலில் அடிக்கிறது. தமிழில் ‘-ட்டும்’ வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். முன்னால் அடிக்கும் மேளம் நம்மிடம் பின்னால் போய் ‘என்றார்கள்’ பக்கத்தில் உட்கார்ந்துவிடும்: எரியட்டும் என்றார்கள், குறையட்டும் என்றார்கள். இது நஷ்டமில்லை, ஒப்பாரிக்கும் வேண்டுதலுக்கும் இந்த வாலடிதான் நம் ஊர்ப் பழக்கம். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ‘என்றார்கள்’ ஒட்டிவிடாதீர்கள். மூலத்தில் நான்காவது வேண்டுதலுக்கு அது கிடையாது. அந்த இடத்தில் மூச்சு விடாமல் அடுத்ததற்குத் தாவுகிறார்கள். எல்லாவற்றுக்கும் போட்டால் கும்மிப்பாட்டு ஆகிவிடும்.

அப்பா ‘ரேஷனலிஸ்ட்’. அகராதி ‘பகுத்தறிவுவாதி’ என்னும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் தமிழ் வாசகர் கண்ணுக்குக் கறுப்புச் சட்டை தெரியும், மேடை தெரியும். அது நம் வரலாறு, இந்த அப்பாவுடையது இல்லை. ‘எதையும் லேசில் நம்பாதவர், காரணம் கேட்பவர்’ என்று விரித்துச் சொல்லலாம். நீளம் கூடினாலும் பரவாயில்லை.

‘பாரஃபின்’ என்பதைப் பலர் மெழுகு என்று எழுதிவிடுகிறார்கள். மூலத்தில் அது ஊற்றப்படுகிறது, தீக்குச்சி வைக்கப்படுகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பாரஃபின் என்றால் மண்ணெண்ணெய். உங்கள் பக்கத்து வழக்கில் சீமெண்ணெய் என்றாலும் சரி. ‘ஹோலி மேன்’ சாமியார்; மந்திரவாதி என்றால் பில்லிசூனியக்காரர் ஆகிவிடுவார்.

கடைசி மூன்று வரி. ‘தேங்க் காட்’ என்பதற்குத் தமிழர் வாயில் தானாக வருவது ‘நல்லவேளை’. அதுதான் பொறி. அப்படி எழுதினால் கடவுள் காணாமல் போய்விடுவார். ஊரார் நூறு முறை சொன்ன பெயரை அம்மா ஒரே ஒரு முறை சொல்கிறாள். அந்த ஒன்று இருந்தால்தான் நூறுக்கு எடை போட முடியும். ‘சாமி புண்ணியம், என்னைக் கொட்டுச்சு, பிள்ளைங்கள விட்டுருச்சு’ என்ற மாதிரிப் பேச்சுத் தமிழில் வைத்துப் பாருங்கள். அதுவரை எழுத்து நடையில் வந்தது இந்த இடத்தில் மட்டும் வாய்ப்பேச்சாக மாறுவது நல்லது. ‘பெற்ற வயிறு’, ‘தாயுள்ளம்’ போன்ற எதையும் உள்ளே விடாதீர்கள். தாயைப் பற்றி எழுதினால் ‘ஐயிரண்டு திங்களாய் அங்கமெலாம் நொந்துபெற்று’ என்று பட்டினத்தார் பாணியில் அடுக்கத்தான் நமக்குக் கை வரும். அது அவர் தாயின் சிதைக்கு முன்னால் நின்று பாடியது. அங்கே அடுக்கு வேண்டும். இங்கே அம்மா எழுந்து உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொல்கிறாள், அவ்வளவுதான்.

மந்திரித்து விஷம் இறங்கியதை எங்கள் ஊரில் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கவிதையிலும் இருபது மணி நேரத்தில் இறங்கிவிடுகிறதே?
– விவசாயி, கிருஷ்ணகிரி

இறங்கத்தான் செய்யும், மந்திரிக்காவிட்டாலும் இறங்கும். பெரும்பாலான தேள்கடியில் நடப்பது கடிவாயில் தாங்கமுடியாத எரிச்சலும் கடுப்பும் மட்டுமே. ஒரு நாள் அளவில் தானே தணிந்துவிடும். அந்த நேரத்துக்குள் யார் என்ன செய்தாலும் பெயர் அவருக்குப் போய்ச் சேரும். கவிதையில் அப்பாவின் பச்சிலை, தீ, சாமியாரின் மந்திரம் எல்லாம் முடிந்த பிறகுதான் வலி அடங்குகிறது. எதனால் அடங்கியது என்று கவிஞர் சொல்லவே இல்லை. மணிக்கணக்கை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார். மருத்துவர் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

ஆனால் எல்லாத் தேளும் ஒன்றில்லை. உடம்பு பெருத்த, இடுக்கி தடித்த கருந்தேள் பார்க்கப் பயங்கரம், விஷம் குறைவு. ஆளைக் கொல்வது சிறிய செந்தேள். அறிவியல் பெயர் ஹோட்டன்டோட்டா டமுலஸ்; பழைய நூல்களில் மீசோபூத்தஸ் டமுலஸ் என்றிருக்கும். மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரை இதற்குப் பேர்போனது, தமிழ்நாட்டிலும் உண்டு. இதன் விஷம் நரம்பின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்து, உடம்பில் அட்ரினலின் வகைச் சுரப்புகளை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோக்கும். ஏமாற்றும் விஷயம் ஒன்று: உயிருக்கு ஆபத்தான கடியில் வலி பல நேரம் குறைவாக இருக்கும். கத்திப் புரள்பவரைவிட, சத்தமில்லாமல் வேர்த்துக் கொட்டும் குழந்தைக்குத்தான் பயப்படவேண்டும்.

கொங்கணத்தின் மகாடில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இந்த அறிகுறிகளை வரிசைப்படுத்தி 1982இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை இதற்கு மருந்தாகும் என்று காட்டியவரும் அவரே, 2022இல் பத்மஸ்ரீ. அதற்கு முன் கடும் அறிகுறி கண்டவர்களில் நூற்றுக்கு 25, 30 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். இப்போது செந்தேள் விஷமுறிவு ஊசியும் உண்டு. கவிதை வந்த 1965இல் இவை எதுவும் கிடையாது. அன்று அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததற்கு ஊராரைத் திட்டுபவர்கள் இதையும் யோசிக்கவேண்டும். இன்று அந்தச் சாக்குக்கு இடமில்லை.

செய்யவேண்டியது: கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்கார வையுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். வீங்கினால் கழற்ற வராது. கடிவாயை சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிஷம் வைத்து எடுத்து மறுபடி வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வேர்வை, வாந்தி, எச்சில் ஒழுகல், கைகால் சில்லிடல், மூச்சிரைப்பு, ஆண்பிள்ளைகளுக்குக் குறி விறைத்து நிற்றல், இவற்றில் எது தெரிந்தாலும் 108. குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள். பிரசோசினை நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள்; ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, எழுந்து நின்றால் மயங்கி விழுவார்கள். அது மருத்துவர் பார்வையில், படுக்க வைத்துக் கொடுக்கும் மருந்து.

செய்யக்கூடாதது: கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு அப்புவது. தீ வைப்பது சொல்லவே வேண்டாம். விஷம் ஊசி முனையில் தோலுக்குள் போய்விட்டது, மேலே எரியும் தீ அதைத் தொடாது, புண் மட்டும் மிஞ்சும்.

தேள் நகர நகர விஷம் ஏறும் என்ற நம்பிக்கை கவிதையில் வருகிறது. தேள் எங்கே போனாலும் விஷத்துக்குத் தெரியாது. தேடுவது வேறு காரணத்துக்கு நல்லது: இன்னொருவரைக் கொட்டாமல் இருக்க. புற ஊதா டார்ச் அடித்தால் தேள் இருட்டில் பச்சையாக மின்னும். மழை நாளில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் தேள் வீட்டுக்குள் ஏறும். மூட்டை, விறகு, செருப்பு மூன்றையும் தட்டிவிட்டுத் தொடுங்கள்.

நம் பழைய பாட்டுகளில் தாய்ப்பாசமும் மந்திரிப்பும் சேர்ந்து வருகிறதா?
– தமிழ் முதுகலை மாணவி, மதுரை

அகப்பாடல்களின் வெறியாட்டே அதுதானே. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது. காதல் என்று தாய்க்குத் தெரியாது. கட்டுவிச்சியைக் கூப்பிட்டு நெல்லில் குறி பார்க்கிறாள். வேலன் என்ற முருகன் பூசாரி கழங்குக்காய் போட்டுப் பார்த்து, முருகன் அணங்கினான், அதாவது வருத்தினான், என்கிறான். களம் இழைத்து, ஆட்டுக்குட்டியை அறுத்து, இரவெல்லாம் ஆட்டம். பாசம் இருப்பதால்தான் பூசாரி வருகிறார். தாய்மேல் பாட்டுக்குக் கோபமே இல்லை.

கேலி எல்லாம் வேலனுக்குத்தான். குறுந்தொகை 362இல் தோழி கேட்கிறாள்: மறியைக் கொன்று பலி கொடுக்கிறாயே, இவளை வருத்திய காதலன், அந்த மலைநாடனின் மார்பும் இந்தப் பலியை உண்ணுமா? நற்றிணை 34 ஒரு படி மேலே போய் முருகனையே பிடிக்கிறது: ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே.’ நோய் உன்னால் இல்லை என்று தெரிந்தும் வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இரு, ஆனாலும் அறியாதவன்தான்!

ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவதானால் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சங்கப் பாட்டில் தாய்தான் மந்திரிப்பவரை வரவழைக்கிறாள். உண்மை தெரிந்த பிள்ளை வாய் மூடி இருக்கிறாள். எசெகியேலிடம் தாய் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாரும் தாமாக வருகிறார்கள், பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறது. குறுந்தொகை 23, ‘அகவன் மகளே’ என்று கட்டுவிச்சியை அழைக்கும் ஔவையார் பாட்டையும் சேர்த்துப் படியுங்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் இதை நாடகமாகப் போடப் போகிறோம். யோசனை உண்டா?
– நாடகக் குழுப் பொறுப்பாளர், புதுச்சேரி

கதைசொல்லிக்கு ஒரு குரல், ஊராருக்கு எட்டு முதல் பத்துக் குரல் போதும். ‘என்றார்கள்’ என்பதைக் கூட்டம் சொல்லக்கூடாது, கதைசொல்லி சொல்லட்டும்; இல்லையென்றால் கோரஸ் அதை மட்டும் கத்திச் சிரிப்பு மூட்டிவிடும். அம்மாவாக நடிப்பவர் அலறவேண்டாம். மூலத்தில் இருப்பது முனகல். அலறினால் வேண்டுதல் எதுவும் காதில் விழாது. கடைசி வாக்கியத்துக்கு முன் மூன்று வினாடி மேடை முழுக்க அமைதி. மழைச் சத்தத்தைக்கூட நிறுத்துங்கள்.

தீ வைக்கும் காட்சிக்கு நிஜத் தீ கூடாது. கதைசொல்லியின் முகத்தில் மட்டும் ஆரஞ்சு வெளிச்சம் அடியுங்கள். பிள்ளை பார்த்தது என்பதுதான் அங்கே விஷயம்.

தேளை அட்டையில் வெட்டித் திரையில் ஓட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சுவரில் பெரிய தேள் நிழல்கள் விழுந்தன என்று கவிதை சொல்கிற நேரத்தில் தேள் அந்த அறையில் இல்லை. அந்த நிழல், தேளைத் தேடுகிறவர்களுடையது. லாந்தர்களைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள் வைத்து, பிள்ளைகளைக் குனிந்து கைகளை முன்னால் நீட்டித் தேடச் சொல்லுங்கள். பின்திரை வெளுப்பாக, ஆட்களுக்கு ஏழெட்டு அடி பின்னால் இருக்கட்டும். தேளின் கொடுக்கும் இடுக்கியும் நிழலாகத் தானே விழும்.